காசி இந்து சர்வகலாசாலையும் அதனை வளர்த்த பெரியோரும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தின் கல்வி நிதியைப் பற்றியும் மாணவர் விடுதியைப் பற்றியும் ஆலோசனை நிகழவிருக்கும் இக்கூட்டத்தில், கல்வி சம்பந்தமாகச் சில சொற்கள் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தனர். பொருளை எம் விருப்பத்திற்கே விட்டனர். நிதியின் வரவு செலவுகளை எடுத்துரைக்க எம்மினும் தகுதி வாய்ந்தார் இவ்வவையிற் பலர் உளர். ஆதலின் யாம், ஒரு சமயத்தின் பேரால் எழுந்து நாடு முழுவதற்கும் பயன்பட வளர்ந்த ஒரு பெருங் கலாசாலையின் வரலாற்றையும், அதனைத் தாங்கி நின்ற பெரியோர் சிலரின் செயல்களையும் எடுத்துக் கூறத் துணிந்தோம். அவ்வரலாற்றில் நமக்கு ஊக்கம் தருவன பல உண்டு. நம்மை நாமே வினவிக்கொள்ளச் செய்வனவும் உண்டு. இரண்டையும் மறையாது சொல்லுவோம்.

காசி என்ற பெயர் தமிழர்க்குப் புதிதன்று. தென்காசி எனவும் சிவகாசி எனவும் ஊர்களுக்குப் பெயரிட்டு மகிழ்ந்தவர் நம் முன்னோர். குமரகுருபர அடிகள் 17ஆம் நூற்றாண்டில் அங்கே சென்று மடம் நிறுவித் தமிழ் மணக்கச் செய்தனர். நகரத்தார் சத்திரம் கட்டி, விசுவநாதர் சந்நிதிக்குப் பூசைப் பொருள் அளித்து வருகின்றனர். பாரதியார் இளமையில் அத்தையார் இல்லத்தில் தங்கிப் படித்ததும் அந்நகரத்தேயாம். இன்னும் நம் நாட்டிற் பிறந்த மூவர் காசி இந்து சர்வகலாசாலையின் துணைவேந்தராய் இருந்திருக்கின்றனர். ஆகவே யாம் கூறப்போவது வேற்றூர்க் கதையன்று.

முதலில் ஒரு விளக்கம். 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் தோன்றிய சர்வகலாசாலைகள் அந்நாளிற் பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும் நிலையங்களாகவே இருந்தன. ஆசிரியரும் மாணாக்கரும் ஓரிடத்தே உறைந்து, கற்றும் கற்பித்தும் வாழும் முறை அவற்றில் இல்லை. பரீட்சையிலே தேறியவன் உத்தியோகம் பெற்றான். ஆனால் அவன் தன் நாட்டுச் சமய நூல்களையோ, கைத்தொழிலையோ அறிந்தானல்லன். இக்குறையைக் கண்டு வருந்தினவர் பலர். அவர்களுள் இருவர் காசி நகரில் ஒன்றுகூடியதன் பயனே யாம் கூறும் சர்வகலாசாலை.

அவ்விருவருள் முதலாமவர் அன்னி பெசண்டு அம்மையார். மேனாட்டிற் பிறந்து, 1893இல் இந்தியாவுக்கு வந்து, இந்நாட்டையே தம் நாடாகக் கொண்ட அவ்வம்மையார், 1898ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் காசியில் மத்திய இந்து கலாசாலையைத் தொடங்கினார். வாடகை வீட்டில் எழுந்த அக்கலாசாலைக்குக் காசி மகாராஜா பிரபுநாராயண சிங்கு அவர்கள் கமாச்சா என்னும் இடத்தில் நிலமும் கட்டிடமும் உதவினர். பகவான் தாஸ் முதலிய அறிஞர்கள் ஊதியம் கருதாது உழைத்தனர். சமய போதனைக்கெனப் பாடநூல்களும் இயற்றி வெளியிட்டனர். 1904இல் பெண்களுக்கென ஒரு பள்ளியும் அதனோடு சேர்ந்து எழுந்தது.

இரண்டாமவர் பண்டித மதன்மோகன மாளவியர். 1861ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் பிரயாகையில் பிறந்தவர். தந்தையார் பாகவத புராணப் பிரசங்கம் செய்து வாழ்ந்த ஏழை அந்தணர். மாளவியர் 1884இல் பீ.ஏ. தேறி, தாம் படித்த அரசினர் பள்ளியிலேயே மாதம் 40 ரூபாய்ச் சம்பளத்தில் உபாத்தியாயராக அமர்ந்தனர். எம் தொழிலினர் இதைக் கேட்டுச் சிறிது பெருமை கொள்ளலாம். பின்னர்க் காலாகாங்கர் ராஜாவின் 'இந்துஸ்தான்' என்னும் பத்திரிகைக்கு ஆசிரியரானார். மது அருந்திய நிலையில் தம்மை அழைத்தலாகாது என்று ராஜாவிடம் நிபந்தனை செய்துகொண்டனர் என்றும், ஒருநாள் அது மீறப்படவே அவ்வேலையைத் துறந்தனர் என்றும் கூறுவர். அதன்பின் சட்டம் பயின்று, அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பெயரும் பொருளும் ஈட்டினார்.

இங்ஙனம் வாழ்வு வளம்பெற்று வருங்காலத்தேதான் அவர்தம் உள்ளத்தில் சர்வகலாசாலை என்னும் எண்ணம் வேரூன்றியது. 1904இல் காசி மகாராஜா தலைமையில் நடந்த ஒரு கூட்டத்தில் அதனை வெளியிட்டார். 1905ஆம் ஆண்டு இறுதியில், காசியிற் காங்கிரசு மகாசபை கூடிய காலத்து, திட்டத்தை அறிஞர் முன் வைத்தார். 1906ஆம் ஆண்டு ஜனவரியில் பிரயாகைக் கும்பமேளாவிற் கூடிய பண்டிதரும் துறவியரும் அதனை ஏற்றுக்கொண்டனர். சாஸ்திரங்களையும் வடமொழி நூல்களையும் பயிற்றுதல், கலைகளையும் விஞ்ஞானத்தையும் வளர்த்தல், நாட்டின் செல்வத்தைப் பெருக்கும் கைத்தொழில் அறிவைப் பரப்புதல், சமயமும் ஒழுக்கமும் வாயிலாக இளைஞரின் நற்குணத்தை உருவாக்குதல் என நான்கு நோக்கங்கள் அத்திட்டத்தில் அடங்கியிருந்தன. வேதமும் இயந்திரமும் ஒரே மதிலுக்குள் என்று கேட்டு நகைத்தவரும் உண்டு.

இனி, கேட்போர் கருத்தூன்ற வேண்டிய இடத்திற்கு வருகின்றோம். அக்காலத்து ஒரே நோக்கத்திற்கு மூன்று திட்டங்கள் இருந்தன. மாளவியர் திட்டம் ஒன்று. அம்மையார் 1907இல் அரசாங்கத்தின் சாசனம் வேண்டி விண்ணப்பித்த திட்டம் மற்றொன்று. தர்பங்கா மகாராஜா ராமேசுவர சிங்கு அவர்களின் திட்டம் மூன்றாவது. மூவரும் செல்வாக்கு உடையவர். மூவர்க்கும் அன்பர் கூட்டம் உண்டு. தனித்தனியே முயன்றிருப்பின் மூன்று சிறு பள்ளிகள் தோன்றி மூன்றும் வாடியிருக்கும். 1911இல் அம்மையாரும் மாளவியரும் கூடிப் பேசி இரு திட்டங்களையும் ஒன்றாக்கினர். தர்பங்கா மன்னரும் உடன் சேர்ந்தார். அவ்வாண்டின் இறுதியில் இந்து சர்வகலாசாலைச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. அம்மையார் பதின்மூன்று ஆண்டு கண்ணிமை போற் காத்த கலாசாலையைப் புதிய நிலையத்தின் கருவாக ஒப்புவிக்க உடன்பட்டார். தாம் வளர்த்த குழந்தையைப் பிறர் பெயரால் வளரும்படி கொடுத்தற்கு எத்துணை மனவலிமை வேண்டும்! சங்கங்கள் நடத்தும் நாம் இதனை நன்கு சிந்திக்கக் கடவோம். பெயர்ப்பலகையிற் யார் பெயர் முதலில் வருவது என்னும் ஒரு கேள்வியால் மடிந்த தருமங்கள் நம் நாட்டில் எத்தனை!

நிதி வேண்டுமே! கோடி ரூபாய் என்று மாளவியர் குறித்தபோது அது கனவெனவே பலர் எண்ணினர். அவரோ 1911ஐ ஒட்டித் தம் வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டு, இரப்பதையே தொழிலாகக் கொண்டார். ஊர் ஊராகச் சென்றார். அரசர் அரண்மனையிலும், வணிகர் கடையிலும், ஏழையர் குடிசையிலும் கை நீட்டினார். தமக்கென ஒரு காசும் வைத்துக்கொள்ளாது பிறர்க்கென இரந்த அவரைப் 'பிச்சைக்காரருள் அரசர்' என்று மக்கள் அழைத்தனர். மைசூர், பீகானேர் முதலிய நாட்டு மன்னர்கள் பெருந்தொகை அளித்தனர். பின்னாளில் ஐதராபாத் நிஜாமும் பொருளுதவினார். எனவே, இந்து என்னும் பெயர் தாங்கிய அந்நிலையத்தின் கருவூலத்தில் இந்து அல்லாதார் பொருளும் கலந்திருக்கின்றது. இதனை நினைவிற் கொள்க. பின்னர் இதன் பயன் விளங்கும்.

தாம் துறந்த தொழிலை ஒரே ஒரு முறை பெரிதாக மீண்டும் மேற்கொண்டார் அவர். 1922இல் நிகழ்ந்த சௌரி சௌரா வழக்கில், கீழ்நீதிமன்றம் 172 பேர்க்குத் தூக்குத் தண்டனை விதித்திருந்தது. மாளவியர் உயர்நீதிமன்றத்தில் அவர்களுக்காக வாதாடினார். 1923இல் வந்த தீர்ப்பில் 19 பேர்க்கே அத்தண்டனை உறுதியாயிற்று. ஏனையோர் உயிர் தப்பினர்.

1915ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சர்வகலாசாலைச் சட்டம் நிறைவேறியது. 1916ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் அரசப் பிரதிநிதி ஹார்டிஞ்சு பிரபு அடிக்கல் நாட்டினார். மன்னர்கள் நவரத்தினங்கள் ஒளிவீச வீற்றிருந்தனர். அதனைத் தொடர்ந்து நடந்த கூட்டங்களில், பிப்ரவரி 6ஆம் நாள் பேசுமாறு அழைக்கப்பட்டவர், தென்னாப்பிரிக்காவினின்று திரும்பி ஓராண்டே ஆகியிருந்த காந்தியடிகள். அவர் முகமன் கூறி அமரவில்லை. புண்ணிய நகரமாகிய காசியில், தம் நாட்டு மக்கள் முன்னே அயல்மொழியிற் பேச நேர்ந்ததே வெட்கம் என்றார். விசுவநாதர் கோயிலைச் சூழ்ந்த தெருக்களின் அழுக்கை எடுத்துக் காட்டினார். நகைகள் பூண்ட மன்னரையும் உழவரின் வறுமையையும் ஒப்பிட்டு உரைத்தார். அம்மையார் இடைமறித்தார், மன்னர் பலர் எழுந்து சென்றனர், கூட்டம் இடையிலே கலைந்தது. ஒரு சர்வகலாசாலையின் தொடக்கத்திலேயே இத்தகைய கசப்பான உண்மை கூறப்பட்டது அதற்குக் கிடைத்த முதல் நன்கொடை என்றே யாம் கொள்ளுகின்றோம். தாய்மொழி பயிற்றும் எம்போன்றார்க்கு அவ்வுரையின் முதற்பகுதி என்றும் நெஞ்சை விட்டகலாது.

மைசூர் மன்னர் கிருஷ்ணராஜ உடையார் முதல் வேந்தராகவும், சர் சுந்தரலால் முதல் துணைவேந்தராகவும் அமர்ந்தனர். 1918இல் சுந்தரலால் மறையவே, தஞ்சை நாட்டிற் பிறந்து சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராய் விளங்கிய சர் பி.எஸ். சிவசாமி ஐயர் அப்பதவியை ஏற்றார். 1919 முதல் 1938 வரை மாளவியரே துணைவேந்தராய் இருந்து அதனை வளர்த்தார். காசி மகாராஜா அளித்த ஏறக்குறைய 1,300 ஏக்கர் நிலத்தில், கங்கைக் கரைக்கு அணித்தே, பிறைமதி வடிவில் வீதிகள் வகுக்கப்பெற்றுக் கலாசாலைகளும் விடுதிகளும் எழுந்தன. 1919இல் இயந்திரக் கலாசாலை தொடங்கியது. அதன் வழிவந்த நிலையமே 2012இல் ஐ.ஐ.டி. ஆயிற்று. ஆயுர்வேதக் கலாசாலையும் எழுந்தது. 1929இல் மகளிர் கலாசாலை தோன்றியது. நகைத்தவர் நாண, வேதமும் இயந்திரமும் ஒரு மதிலுள் வாழ்ந்தன.

இடையில் ஒரு பெருஞ் சோதனை வந்தது. 1920-21இல் காந்தியடிகள் அரசாங்கத் தொடர்புடைய கலாசாலைகளை விட்டு வெளியேறுமாறு மாணாக்கரை அழைத்தார். ஆசாரிய கிருபளானியும் மாணவர் பலரும் வெளியேறினர். 1921 பிப்ரவரியில் காசி வித்யாபீடம் தோன்றியது. இந்து கலாசாலைக்கு உழைத்த பகவான் தாஸ் அவர்களே அதற்குத் தலைவரானார். மாளவியர் தம் நிலையத்தை மூட உடன்படவில்லை. விடுதலையும் வேண்டும், கல்வியும் வேண்டும் என்பது அவர் துணிபு. இருவர் கருத்தும் வேறுபட்டன; அன்போ வேறுபடவில்லை. மாளவியரும் 1930இற்குப் பின் பலமுறை சிறை புகுந்தவரே. கருத்து வேற்றுமையைப் பகையாக்கிக் கொள்ளாமை பெரியோர்க்கு அணியாகும்.

மாளவியர் முதுமையால் விலகிய பின், 1939இல் துணைவேந்தரானவர் திருத்தணியைச் சார்ந்த டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். 1948 வரை அப்பொறுப்பைத் தாங்கினார். ஞாயிறுதோறும் கீதையைப் பற்றி அவர் நிகழ்த்திய உரைகளைக் கேட்க மாணவர் திரண்டனர். 1942 ஆகஸ்டுக் கிளர்ச்சியில் மாணவர் பலர் ஈடுபட, படையினர் வளாகத்துள்ளே புகுந்தனர். அந்நெருக்கடியில் நிலையத்தைக் காக்க அவர் அரும்பாடு பட்டார். 1946 நவம்பர் 12ஆம் நாள் மாளவியர் விடுதலை நாளைக் காணாமலே மறைந்தார். பின்னர் ஆசாரிய நரேந்திர தேவரும், 1954 முதல் 1956 வரை நம் நாட்டுச் சர் சி.பி. இராமசாமி ஐயரும் துணைவேந்தராயினர். மாளவியர்க்குப் 'பாரத ரத்னம்' என்னும் விருது 2015இல் வழங்கப்பெற்றது.

இதுகாறும் புகழ்ச்சியே கூறினோம். இனிக் கூறுவது வாயிலைப் பற்றி.

1915ஆம் ஆண்டுச் சட்டம், அச்சர்வகலாசாலை எல்லா வகுப்பினர்க்கும், எல்லாச் சாதியினர்க்கும், எல்லாச் சமயத்தினர்க்கும் திறந்தது என்று எழுத்தில் வரைந்தது. சமய போதனை இந்து சமயத்திற்கே உரியது. முதற் சபை நீங்கலாக, ஆட்சிச் சபையில் இந்து அல்லாதார் உறுப்பினராதல் கூடாது. ஆனால் மாணாக்கராக வருவார்க்குத் தடையில்லை. அந்நாளை நோக்க இது பெருந்தன்மையான சட்டமேயாம். ஆனால் சட்டம் திறக்கும் வாயில் வேறு. சாப்பாட்டுக் கூடத்தின் வாயில் வேறு.

பீகார் மாகாணத்து ஆரா நகரையடுத்த சிற்றூரில், தீண்டத்தகாதார் எனப்பட்ட குலத்திற் பிறந்த ஜகஜீவன் ராம் என்னும் இளைஞர் 1920களின் பிற்பகுதியில் அங்கே மாணவராய்ச் சேர்ந்தார். அவர்தம் அறிவைக் கண்டு அங்கு வருமாறு அழைத்தவர் மாளவியரே. உபகாரச் சம்பளமும் கிடைத்தது. வகுப்பில் இடம் உண்டு. நூல் நிலையத்தில் இடம் உண்டு. ஆனால் விடுதியின் உணவுக் கூடத்தில் அவருக்குப் பரிமாறவும், அவர் உண்ட தட்டைக் கழுவவும் பணியாட்கள் மறுத்தனர். நகரத்து நாவிதர் அவர்க்கு முடி திருத்த மறுத்தனர். அவர் அந்நிலையத்தை விட்டுக் கல்கத்தாவிற்குச் சென்று, 1931இல் அங்கே பட்டம் பெற்றார். அவரே பின்னர் மத்திய அமைச்சராகவும், 1979இல் துணைப் பிரதமராகவும் உயர்ந்தார். அதற்கு முந்திய ஆண்டில், காசியில் சம்பூர்ணானந்தர் சிலையைத் திறந்து வைத்து அவர் திரும்பியபின், அச்சிலையைச் சிலர் கங்கைநீர் கொண்டு கழுவினர் என்பதை எண்ணுந்தோறும் நம் நெஞ்சம் குன்றுகின்றது.

மாளவியர் இக்கொடுமைக்கு உடன்பட்டவரோ எனின், அல்லர். கங்கைக் கரையில் அமர்ந்து, தாழ்த்தப்பட்டோர்க்கு மந்திரோபதேசம் செய்து, வைதிகர் சினத்தைத் தாங்கினவர் அவர். 1932 செப்டம்பரில் நிகழ்ந்த புனா ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டவர்களுள் அவரும் ஒருவர். இருந்தும், நிலையத்தை நிறுவியவர் நெஞ்சில் இருந்த அருள், அடுக்களையில் தட்டுக் கழுவுவார் வரையிற் சென்று சேரவில்லை. நிறுவியவர் நல்லவர் என்பது மட்டும் போதாது. நல்ல விதி எழுதினோம் என்பதும் போதாது. அவ்விதி பந்தியிலே நடைபெறுகின்றதா என்று நாடோறும் பார்ப்பவர் ஒருவர் வேண்டும். இதுவே அவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடங்களுள் தலையாயது என்பது எம் கருத்து.

விடுதலைக்குப் பின், 1951இல் சட்டம் திருத்தப்பட்டது. சமய போதனை கட்டாயம் என்பது நீங்கியது. ஆட்சிச் சபையின் வாயிலும் எல்லார்க்கும் திறந்தது. 1965இல், இந்து என்னும் சொல்லைப் பெயரினின்று நீக்க ஒரு மசோதா வந்தது. மாணவரும் மக்களும் கிளர்ந்தனர், மசோதா கைவிடப்பட்டது, பழைய பெயரே நிலைத்தது. பெயரைக் காத்துக்கொண்டு வாயிலைத் திறந்து வைத்தல் இயலும் என்பதற்கு அஃது ஒரு சான்று. தோற்றுவித்தவர் பெயர் தோற்றத்தைக் காட்டும். நுழைவார் யாவர் என்பது நோக்கத்தைக் காட்டும். 2021இல் அங்கே பாரதியார் பெயரால் தமிழாராய்ச்சிக்கென ஓர் இருக்கை அறிவிக்கப்பெற்றதும் அத்திறந்த வாயிலின் பயனேயாம்.

அன்பர்களே! இனி நம் வீட்டிற்கு வருவோம். நம் சங்கம் சிறியது. ஆயினும் காசியில் நிகழ்ந்ததும் நம்மிடம் நிகழ்வதும் அளவால் வேறன்றித் தன்மையால் வேறல்ல. மாளவியர் இரந்தது போல நம் நிர்வாகிகள் வீடுதோறும் வருவர். வருங்கால் வெறுங்கையராய் அனுப்பாதீர். ஆயிரம் தருவார் ஆயிரம் தருக. பத்து தருவார் பத்து தருக. ஆனால் மாதந்தோறும் தவறாது தருக. கலியாணத்தில் ஒரு வேளை விருந்தைக் குறைத்தால் ஒரு பிள்ளையின் ஓராண்டுப் புத்தகச் செலவு அடங்கும். நன்கொடைப் பட்டியலில் தம் பெயர் மேலே வரவேண்டும் என்பார், தம் கலாசாலையையே ஒப்புவித்த அம்மையாரை நினைப்பாராக.

அடுத்தது விடுதி. நம் விடுதியில் நம்மவர் பிள்ளைகட்கே இடம் என்பாரும், இடமிருப்பின் பிற வகுப்பு ஏழைப் பிள்ளைகளையும் சேர்க்கலாம் என்பாரும் நம்முள் இருக்கின்றனர். முன்னவர் கூற்றிலும் நியாயம் உண்டு. நம் முன்னோர் வியர்வையில் விளைந்த பொருள் அது; நம் ஏழைகள் இன்னும் பலர்; அவர்க்கு முதலுரிமை இருத்தல் வேண்டும். இதனை யாம் மறுக்கவில்லை. ஆனால், நம் பிள்ளைகள் வெளியூர் சென்று பயின்ற காலங்களில், அவர்க்கு இடமளித்த நிலையங்கள் எல்லாம் நம்மவர் கட்டியன அல்லவே! பிறர் வாயிலில் நம் பிள்ளை நுழைந்தபோது மகிழ்ந்த நாம், நம் வாயிலிற் பிறர் பிள்ளை நிற்கும்போது முகந்திருப்புதல் முறையாமோ? ஆதலின், ஆண்டுதோறும் சில இடங்களையேனும் பிற வகுப்பு ஏழை மாணவர்க்கு, சிறப்பாகத் தாழ்த்தப்பட்டார் குடியிற் பிறந்த பிள்ளைகட்கு, ஒதுக்குதல் வேண்டும் என்று இச்சபையை யாம் பணிவோடு வேண்டுகின்றோம்.

ஒதுக்குதலோடு நின்றுவிடலாகாது. அப்பிள்ளைகள் உண்ணும் பந்தி, நம் பிள்ளைகள் உண்ணும் பந்தியாகவே இருத்தல் வேண்டும். அதே இலை, அதே சோறு, அதே தண்ணீர்க் குடம். நிர்வாகிகளுள் ஒருவரேனும் வாரத்திற்கு ஒருநாள் அப்பந்தியில் உடனமர்ந்து உண்ண வேண்டும். இதற்குப் பெருஞ் செலவில்லை. கோடி ரூபாய் வேண்டியதில்லை. கோடி திரட்டிய பெரியவராலும் அன்று முற்றும் செய்ய முடியாததொன்றை, நாம் ஒரு சிறு விடுதியிற் செய்து காட்டலாம். அங்ஙனம் செய்வோமாயின், நம் சங்கத்தின் பெயர் நம் குலத்தாராற் சொல்லப்படுவதோடு நில்லாது, அங்கே உண்டு கற்ற பிறர் குலத்தாராலும் நன்றியோடு சொல்லப்படும். ஒரு குலத்திற்கு அதனினும் உயர்ந்த பெருமை யாது?

நம் பிள்ளைகளின் கல்வி ஓங்குக! நம் விடுதியின் வாயில் அகலுக!